கபிலின் 434 விக்கெட்டும் உங்கள் வீட்டுப் பையனின் முதுகும்!

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. மாலை ஏழு மணி இருக்கும். கிளினிக்கில் கூட்டம் குறைந்து, நானும் எழுந்திருக்கலாமா என்று யோசித்துக் கொண்டிருந்த நேரம். அப்பா, அம்மா, நடுவில் உயரமாக ஒரு பையன். மூன்று பேரும் உள்ளே வந்தார்கள்.

"டாக்டர், ஞாயித்துக்கிழமை இவனுக்கு செலக்ஷன் மேட்ச். ஃபாஸ்ட் பவுலர். இடுப்புக்கு மேல கொஞ்சம் பிடிச்சிருக்கு. நல்ல தைலமா ஒண்ணு கொடுங்க. சனிக்கிழமை ராத்திரிக்குள்ள சரியாயிடணும்" என்றார் அப்பா. வங்கியில் வேலை பார்ப்பவர்.

"எத்தனை நாளா வலிக்குது தம்பி?" என்று பையனிடம் கேட்டேன். பதினைந்து வயது. அப்பா முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "ஆறு வாரமா இருக்கு டாக்டர்" என்றான்.

"ஆறு வாரமா? எங்கிட்ட போன வாரம்னுதானேடா சொன்னே!" என்று அம்மா பதறிப்போனார்.

இடது கால் ஒன்றில் மட்டும் நின்றுகொண்டு, மெதுவாகப் பின்னால் வளையச் சொன்னேன். வளைந்தவன் பாதியிலேயே "ஸ்..." என்று நிமிர்ந்துவிட்டான். முதுகெலும்பின் அடிப்பகுதியில், இடது பக்கமாக ஒரே ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினான். வலது கையால் பந்து வீசும் பையனுக்கு இடது பக்கத்தில் வலி. எனக்குச் சுருக்கென்றது.

"சார், தைலம் இப்போ வேண்டாம். முதல்ல எலும்பு டாக்டர்கிட்ட காட்டி ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை மேட்ச் ஆடக் கூடாது" என்றேன்.

அப்பாவுக்குக் கோபம். "என்ன டாக்டர் நீங்க... கபில்தேவ் மெல்போர்ன்ல ஊசி போட்டுக்கிட்டு பவுலிங் போட்டு ஜெயிச்சுக் கொடுக்கலையா? வலியைப் பார்த்தா ஸ்போர்ட்ஸ்மேன் ஆக முடியுமா?"

அவர் வாயிலிருந்து கபில்தேவ் பெயர் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். காரணம், அதே மெல்போர்ன் கதையைத் தப்பாகப் புரிந்துகொண்டு, இன்றைக்கும் மழைக்காலத்தில் வலது தொடையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவன் நான்! அன்று அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் ஆடும் பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் இது பயன்படும்.

மெல்போர்னில் நடந்தது என்ன?

1981 பிப்ரவரி. இந்தியா - ஆஸ்திரேலியா மூன்றாவது டெஸ்ட். கடைசி இன்னிங்ஸில் ஆஸ்திரேலியாவுக்குத் தேவை வெறும் 143 ரன். கபிலுக்குத் தொடைத் தசையில் காயம். நான்காம் நாள் மாலை அவரால் பந்து வீசவே முடியவில்லை. மறுநாள் காலை, வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு வந்தார். 16.4 ஓவர், 28 ரன், 5 விக்கெட். ஆஸ்திரேலியா 83 ரன்னில் சுருண்டது! தொடர் 1-1 என்று சமன் ஆனது.

அப்போது எனக்குப் பதினோரு வயது. என் அண்ணன் பேப்பரை உரக்கப் படிக்க, தெருப் பையன்கள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கதை அப்படியே நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. பத்து வருஷம் கழித்து, பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படிக்கும்போது, ஹாஸ்டல் மேட்ச் ஒன்றில் பந்து வீசுகையில் தொடையில் 'பட்'டென்று ஏதோ அறுந்தது போலிருந்தது. விட்டேனா? 'கபில் போடவில்லையா!' என்று இன்னும் ஐந்து ஓவர் போட்டேன். மறுநாள் தொடை கன்றிப்போய் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. படிப்பதோ வைத்தியம், செய்ததோ இப்படி ஒரு காரியம்! அந்தத் தசை பிறகு ஒருநாளும் பழைய தசையாக ஆகவில்லை.

நான் எங்கே தவறு செய்தேன் தெரியுமா? கபிலின் பதினாறு வருஷ வாழ்க்கையில் ஒரே ஒரு காலைப் பொழுதை மட்டும் எடுத்துப் படித்தேன். மிச்சத்தைப் படிக்கவில்லை. அந்த மிச்சத்தில்தான் விஷயமே இருக்கிறது.

131 டெஸ்ட்... ஒரு தடவைகூட லீவு இல்லை!

1978 அக்டோபர் 16. பாகிஸ்தானில் உள்ள ஃபைசலாபாத்தில் கபிலுக்கு முதல் டெஸ்ட். வயது பத்தொன்பது. அதற்கு முன்னால் இந்திய அணியின் பலமே சுழற்பந்துதான். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம்ம சென்னை வெங்கட்ராகவன் என்று நான்கு கில்லாடிகள். வேகப்பந்து என்பது புதுப் பந்தின் பளபளப்பைத் தேய்த்துக் கொடுக்கிற வேலை, அவ்வளவுதான். பேட்ஸ்மேனான கவாஸ்கரே சில டெஸ்டுகளில் முதல் ஓவர்களை வீசியிருக்கிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அந்த நாட்டிலிருந்து வந்தவர், அடுத்த ஒன்றரை வருஷத்துக்குள் 100 விக்கெட்டும் 1000 ரன்னும் எடுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 21. 1980 ஜனவரியில் நம்ம சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதல் இன்னிங்ஸில் 4 விக்கெட், இரண்டாவதில் 56 ரன் கொடுத்து 7 விக்கெட், நடுவில் பேட் செய்து 84 ரன். மேட்ச் நம் பக்கம்!

1983 ஜூன் 25-ல் லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பையை வாங்கியது எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டு நவம்பரில் அகமதாபாத்தில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 83 ரன்னுக்கு 9 விக்கெட் எடுத்தது பல பேருக்கு ஞாபகம் இருக்காது. நம் அணி அந்த டெஸ்டில் தோற்றுப்போனதால் அது அமுங்கிவிட்டது.

பத்து வருஷம் கழித்து அதே அகமதாபாத். 1994 பிப்ரவரி 8. நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹாட்லீ எடுத்திருந்த 431 விக்கெட்தான் அதுவரை உலக சாதனை. பெங்களூரில் அதைச் சமன் செய்துவிட்டு வந்திருந்தார் கபில். எங்கள் ஹாஸ்டல் டி.வி. அறையில் நிற்க இடமில்லை. இலங்கையின் ஹஷான் திலகரத்ன மட்டையில் பட்ட பந்து ஷார்ட் லெக்கில் நின்ற சஞ்சய் மஞ்ச்ரேக்கர் கைக்குப் போனதுதான் தாமதம்... 432! மைதானத்தில் 432 பலூன்கள் வானத்தில் பறந்தன. எங்கள் அறையில் இரண்டு ஸ்டூல்கள் உடைந்தன.

அடுத்த மாதம் நியூசிலாந்தில் தன் கடைசி டெஸ்டை ஆடி, 434 விக்கெட்டோடு ஓய்வு பெற்றார். ஒருநாள் போட்டிகளில் 225 ஆட்டத்தில் 253 விக்கெட். டெஸ்டில் 5,248 ரன். டெஸ்டில் 400 விக்கெட்டுக்கு மேலும் 5,000 ரன்னுக்கு மேலும் எடுத்தவர் இன்றுவரை உலகத்தில் அவர் ஒருவர்தான்.

"சரி டாக்டர், சாதனையெல்லாம் பேப்பர்லயே படிச்சாச்சு" என்கிறீர்களா? நான் சொல்ல வந்த எண்ணிக்கை 434 இல்லை. 131. முதல் டெஸ்டிலிருந்து தொடர்ந்து 66 டெஸ்ட். பிறகு 1984 கடைசியில் கல்கத்தா டெஸ்டுக்கு மட்டும் அவரைச் சேர்க்கவில்லை. அதற்கு முந்தைய ஆட்டத்தில் பொறுப்பில்லாமல் பந்தைத் தூக்கி அடித்து அவுட் ஆனார் என்பதுதான் காரணம், உடம்பு இல்லை. அதன் பிறகு மறுபடியும் தொடர்ந்து 65 டெஸ்ட். காயம் என்றோ, உடம்பு சரியில்லை என்றோ ஒரு டெஸ்டைக்கூட அவர் விடவில்லை. வேகப்பந்து வீச்சாளருக்கு இது எவ்வளவு அதிசயம் என்பது, ஒரு பந்து வீசும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் புரியும்.

ஐந்து மூட்டை அரிசி!

வேகமாக ஓடி வந்து, எகிறிக் குதித்து, முன்காலை ஊன்றுகிறார் இல்லையா? அந்த ஒரு நொடிக்குள் முன்காலில் விழும் பாரம், அவருடைய எடையைப்போல் ஐந்து மடங்குக்குக் குறையாது. 75 கிலோ எடையுள்ள ஆள் என்றால் 375 கிலோ. அதாவது, 75 கிலோ அரிசி மூட்டை ஐந்தை ஒரே காலில் தாங்குகிற மாதிரி! அந்த அதிர்ச்சி குதிகாலிலிருந்து முழங்கால், இடுப்பு வழியாக முதுகெலும்பின் அடிப்பகுதிக்குப் போகிறது. அதே நேரத்தில் அந்த முதுகு சும்மா இருக்கிறதா என்றால் இல்லை. பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொண்டு முன்னால் பாய்கிறது. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி.

கபில் டெஸ்டில் வீசிய பந்துகள் 27,740. ஒருநாள் ஆட்டங்களில் 11,202. கூட்டினால் ஏறக்குறைய 39 ஆயிரம். உள்ளூர் ஆட்டங்களையும் வலைப் பயிற்சியையும் இதில் சேர்க்கவில்லை. 39 ஆயிரம் தடவை அந்த ஐந்து மூட்டை!

முதுகெலும்பின் கடைசி இரண்டு மூன்று கண்ணிகளில், பின்பக்கம் மெல்லிய பாலம் போல் ஓர் எலும்புப் பகுதி இருக்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகும்? முதலில் சூடாகும், பிறகு கீறல் விடும், கடைசியில் ஒடியும். அதேதான் இங்கேயும். 'ஸ்ட்ரெஸ் ஃபிராக்ச்சர்' என்கிறார்களே, அது இதுதான். விழுந்து அடிபட்டு வருவதில்லை. சத்தமில்லாமல், வாரக்கணக்கில் சேர்ந்து வருவது. பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கம் வரும். இருபது வயது தாண்டும் வரை அந்த எலும்புகள் முழுசாக முற்றுவதில்லை. ஆகவே பதினான்கு வயதிலிருந்து இருபது, இருபத்திரண்டு வரைதான் ஆபத்தான காலம்.

பெரிய பெரிய ஆட்களையே இது விட்டு வைக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லிக்கு 1973-ல் முதுகெலும்பில் கீறல். ஒரு காலம் ஓய்வெடுத்து, உடம்பைத் திரும்பக் கட்டி எழுப்பி வந்து, மொத்தம் 355 விக்கெட் எடுத்தார். 1987-ல் சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியபோது நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவரும் அவர்தான். இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆண்டர்சனுக்கு 2006-ல் அதே மாதிரி. அவர் 2024-ல் ஓய்வு பெறும்போது 704 விக்கெட். வேகப்பந்து வீச்சாளர்களில் அவ்வளவு எடுத்தவர் வேறு யாரும் இல்லை. நம் பும்ராவுக்கு 2022-ல் முதுகில் கீறல், 2023-ல் அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகுதான் 2024 உலகக் கோப்பை.

இவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். ஏன்? நேரத்தில் நிறுத்தினார்கள்! நிறுத்தாமல் ஊசியும் தைலமுமாக ஓட்டியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஏனென்றால் அவர்கள் பேப்பரில் வரும் அளவுக்கு ஆடவே இல்லை.

கபிலுக்கு மட்டும் எப்படி?

சும்மா சொல்லக் கூடாது, முதலில் உடல்வாகு. எங்கள் வைத்தியத்தில் வாத தேகி, பித்த தேகி, கப தேகி என்று உடம்பைப் பிரித்துச் சொல்லுவோம். ஒரே வேலையை இரண்டு உடம்பு ஒரே மாதிரி தாங்காது. கபிலுக்கு வாய்த்தது வரம். அந்த வரத்தை உங்கள் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, பந்து வீசும் முறை. பக்கவாட்டில் திரும்பி, தோளும் இடுப்பும் ஒரே கோட்டில் வர வீசினார் கபில். தோள் ஒரு பக்கமும் இடுப்பு ஒரு பக்கமுமாகத் திருகிக்கொண்டு வீசுகிறவர்களுக்குத்தான் முதுகு சீக்கிரம் போகும். 1971-ல், பன்னிரண்டு வயதில், தேஷ் பிரேம் ஆசாத் என்ற பயிற்சியாளரிடம் அவர் சேர்ந்தார். டி.வி.யைப் பார்த்துக் காப்பியடிப்பது வேறு, பக்கத்தில் நின்று ஒருவர் திருத்துவது வேறு.

இரண்டாவது, சாப்பாடு. அவரே பல தடவை சொன்ன கதை இது. பம்பாயில் ஓர் இளைஞர் பயிற்சி முகாம். கபிலுக்குப் பதினைந்து வயது. வெயிலில் பந்து வீசிவிட்டு வந்தால் தட்டில் இரண்டு காய்ந்த சப்பாத்தி, கொஞ்சம் காய்கறி. 'நான் வேகப்பந்து வீசுகிறவன், எனக்கு இது போதாது' என்று நிர்வாகியாக இருந்த கேகி தாராபூரிடம் கேட்டிருக்கிறார். இந்தியாவில் வேகப்பந்து வீச்சாளர்களே கிடையாதே என்று அவர் சிரித்துவிட்டாராம். எல்லோரும் இதை ரோஷக் கதையாகச் சொல்லுவார்கள். எனக்கோ வைத்தியன் புத்தி. அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி! வளருகிற உடம்பு, அதோடு இத்தனை உழைப்பு. பசிக்கு ஏற்ற சோறு போடாமல் எலும்பு எதை வைத்து வளரும்?

மூன்றாவது, வயசுக்கு ஏற்ப மாறியது. 1984-ல் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார் கபில். பழைய துள்ளல் அதற்குப் பிறகு குறைந்துவிட்டது. அவர் அதோடு சண்டை போடவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பந்தை வளைப்பதிலும் சரியான இடத்தில் விழ வைப்பதிலும் கவனம் வைத்தார். அப்படியே இன்னும் பத்து வருஷம் ஓடியது. 'ஹாட்லீ 86 டெஸ்டில் எடுத்ததை இவர் எடுக்க 130 டெஸ்ட் ஆச்சு' என்று அந்தக் காலத்தில் குறை சொன்னவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் 130 டெஸ்ட் வரை நிற்கிற உடம்பும் ஒரு சாதனைதானே!

மெல்போர்னில் ஊசி போட்டது ஒரு காலை நேரம். மற்ற பதினாறு வருஷமும் நின்றது அன்றாடப் பராமரிப்பில். நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது இந்தப் பதினாறு வருஷக் கதையைத்தான்.

அம்மாக்கள் கவனத்துக்கு...

பையன் என்றில்லை, பெண் பிள்ளைகளும் இன்று வேகப்பந்து வீசுகிறார்கள். 2022-ல் ஓய்வு பெற்ற ஜூலன் கோஸ்வாமி ஒருநாள் போட்டிகளில் 255 விக்கெட் எடுத்தவர். கீழே சொல்வது இருபாலருக்கும்தான்.

* காலை ஐந்தரை மணிக் கோச்சிங்குக்கு வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். ஒரு வாழைப்பழம், நாலு பேரீச்சம்பழம் போதும். திரும்பி வந்ததும் முட்டையோ சுண்டலோ பச்சைப்பயறோ கட்டாயம் வேண்டும்.

* கேழ்வரகு, எள், பால், முருங்கைக்கீரை. எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து இவற்றில் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்த உளுந்தங்களி. இடுப்புக்குப் பலம் என்று நம் பாட்டிமார் கொடுத்தது, வயதுக்கு வந்த பெண்ணுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

* எலும்புக்குப் பலம் தருவது என்று எங்கள் நூல்கள் சொல்வது பிரண்டை. இளந்தண்டாகப் பார்த்து, நார் எடுத்து, நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்துத் துவையல் அரையுங்கள். சரியாக வதக்காவிட்டால் தொண்டை அரிக்கும். அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

* தண்ணீர் மட்டும் போதாது. உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் கையோடு கொடுத்தனுப்புங்கள்.

* வாரம் ஒரு நாள் நல்லெண்ணெய்க் குளியல். அன்றைக்கு ஆட்டம் கிடையாது, பகல் தூக்கமும் கூடாது.

* இரவு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம். செல்போனை வாங்கி வைத்துவிடுங்கள். ஓய்வில்தான் எலும்பு தன்னைச் சரி செய்துகொள்கிறது.

* தசை புதிதாகப் பிடித்துக்கொண்டாலோ வீங்கினாலோ முதல் இரண்டு நாள் தைலம் தேய்க்கவே கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் மட்டும். வீக்கம் வடிந்த பிறகு நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கலாம்.

* முதுகில் ஒரே இடத்தில், ஒரே பக்கத்தில் வலி. பந்து வீசினால் கூடுகிறது, ஓய்வெடுத்தால் குறைகிறது, பின்னால் வளைந்தால் சுருக்கென்கிறது. இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் தொக்கணம் என்று நாங்கள் சொல்லும் மசாஜ், நீவுதல், சுளுக்கெடுத்தல் எதுவும் வேண்டாம். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், நேராக எலும்பு மருத்துவரிடம் போங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம். எம்.ஆர்.ஐ. தேவையா என்று அவர் சொல்வார்.

எத்தனை பந்து போடலாம்?

இதுதான் மிக முக்கியம். பையனுக்குப் பள்ளிக்கூட டீம், கோச்சிங் அகாடமி, தெரு டீம் என்று மூன்று இடம். ஒவ்வொருவரும் 'நாலு ஓவர்தானே' என்பார்கள். கூட்டிப் பார்க்க ஆள் இல்லை! இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கென்று ஒரு வரம்பு வகுத்திருக்கிறது. 13 வயது வரை ஒரு தடவைக்கு 5 ஓவர், ஒரு நாளைக்கு 10 ஓவர். 14, 15 வயதில் ஒரு தடவைக்கு 6, ஒரு நாளைக்கு 12. அவ்வளவுதான். அதற்கு மேல் போட்டால் பலம் வராது, கீறல்தான் வரும். நான் பார்த்த பையன் ஒரு சனி ஞாயிறில் மட்டும் முப்பது ஓவருக்கு மேல் போட்டிருந்தான்.

அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 அக்டோபரில், 61 வயதில், கபிலுக்கே மாரடைப்பு வந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனார், அடைப்பை நீக்கினார்கள், நல்லபடியாக வீடு திரும்பினார். 39 ஆயிரம் பந்து வீசிய உடம்புக்கே அந்த நிலை என்றால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நாம் எம்மாத்திரம்? ஐம்பது தாண்டியவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் பாரமாக இருந்தால் 'வாயு' என்று சொல்லிக்கொண்டு ஓமம் மென்று கொண்டிருக்காதீர்கள்!

காலண்டர் தாளில் ஒரு கணக்கு

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். இவ்வளவையும் கேட்டுவிட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செலக்ஷன் போயிடுமே டாக்டர்" என்றார் மெதுவாக.

"போகட்டும் சார். இவனுக்குப் பதினஞ்சு வயசு. கபில் கடைசி டெஸ்ட் ஆடினப்போ முப்பத்தஞ்சு. நடுவுல இருபது வருஷம் இருக்கு" என்றேன்.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணில் நீர். அதைத் துடைத்துவிட்டது அப்பாதான். வலியை ஏன் ஆறு வாரம் மறைத்தான் என்பது அப்போதுதான் அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். வலித்தால் திட்டு விழும் என்ற பயம்! இதைப் படிக்கிற பெற்றோர்களே, மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். 'வலிக்குதுப்பா' என்று பிள்ளை தைரியமாகச் சொல்ல முடிகிற வீடாக நம் வீடு இருக்க வேண்டும்.

ஸ்கேனில் தெரிந்தது கீறலின் ஆரம்பம்தான். முழுசாக விரியவில்லை. மூன்று மாதம் பந்தைத் தொடக் கூடாது, பிறகு உடற்பயிற்சி, அதன் பிறகே கொஞ்சம் கொஞ்சமாகப் பந்து வீச்சு என்று எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டார். நான் உணவுமுறையை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

போன வாரம் அந்த அம்மா வந்தார். கையில் ஒரு கட்டு தினசரி காலண்டர் தாள்.

"பார்த்தீங்களா டாக்டர்? தினமும் என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான்னு தாள் பின்னாடி எழுதி வச்சிருக்கேன். அவன் மறுபடி ஆட ஆரம்பிச்சதும் எத்தனை பந்துன்னும் எழுதுவேன்."

தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு மூலையில் காலி இடம் விட்டு, அதில் பென்சிலால் சின்னதாக 0, 0, 0 என்று போட்டிருந்தது.

"அது என்னம்மா?"

"பந்துக் கணக்கு. அதை அவன்தான் போடறான். இப்போதைக்கு சைபர்!"

434-க்குப் போகிற வழியில் இந்த சைபர்களும் உண்டு. உங்கள் வீட்டுக் காலண்டரிலும் இன்றே ஒரு மூலையை ஒதுக்குங்கள்.